மானும் வாடையும்

(பட்டினப்பாக்கத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இம்மாதம் யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையிற் கண்ட நண்பர் ஒருவர், "வாத்தியாரையா வலையை விட்டு வில்லைப் பிடித்துக்கொண்டாரோ?" என்று நகைத்தார். கேள்வி நியாயமானதே. கடலை நம்பி வாழும் குடியிற் பிறந்து, தமிழ் கற்பித்து வயிறு வளர்க்கும் எமக்கும் மான் வேட்டைக்கும் என்ன உறவு? யாம் மானை எய்ததில்லை, எய்ய விரும்பியதுமில்லை, எய்வதற்குச் சட்டமும் இடந்தராது. ஆயினும் மான் வேட்டையின் உயிர்நிலை வில்லன்று, அம்பன்று, துப்பாக்கியுமன்று, காற்றை அறிதலே. காற்றை அறிதலோ நம் பாட்டன் வீட்டுச் சொத்து. அச்சொத்தைக் குறித்துப் பேச நமக்கு உரிமையுண்டன்றோ?

இப்பொருளை யாம் தேர்ந்ததற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலிற் கூறுவோம். எம்மிடம் பயிலும் நம் குலத்துச் சிறுவன் ஒருவன் நான்கு நாள் தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலோ என்று எண்ணி வீடு தேடிச் சென்றோம். அவன் தாயார் கூடை சுமந்து மீன் விற்பவர். "காய்ச்சல் ஒன்றுமில்லை ஐயா. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாராம். வகுப்பிலும் பிள்ளைகள் இவனுக்கு 'வாடை' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். நாளைக்கு இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிக்கிறான். அப்படியும் போகமாட்டேன் என்கிறான்" என்று அவ்வம்மையார் கண்கலங்கினார். பிள்ளைகள் அப்பெயரிட்டு அழைத்தது எம் வகுப்பிலேயே; எம் காதுக்கு எட்டும் தொலைவிலேயே. யாம் கரும்பலகையை நோக்கி இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தோம். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எமக்கு வெட்கம் தாளவில்லை. அவ்வெட்கத்தின் பயனே இச்சொற்பொழிவு.

'வாடை' என்னும் அச்சொல்லிலிருந்தே தொடங்குவோம். நம் முன்னோர் நாற்றிசைக் காற்றுக்கும் நான்கு பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. அவ்வாடை என்னும் சொல்லே மூக்கால் அறியப்படும் மணத்துக்கும் வழங்குகிறது. காற்றுக்கும் மணத்துக்கும் ஒரே சொல் அமைந்தது எத்துணைப் பொருத்தம்! காற்றின்றி வாடை ஏது? மூக்கிற்கு எட்டுவன யாவும் காற்றேறி வருவனவே. இனி 'நாற்றம்' என்னும் சொல்லைப் பாருங்கள். முற்காலத்தில் அது நறுமணத்துக்கும் உரியதாயிருந்தது. மலர் நாறிற்று என்றால் மணம் வீசிற்று என்பதே பொருள். இன்றோ, மணமகளின் மாலை நாறுகிறது என்று ஒருவன் சொன்னால் பந்தலிற் கலகம் விளையும். சொல்லின் மேல் இழிவை ஏற்றியது மனிதரேயன்றி மணமன்று. இதனை மனத்திற் கொண்டு மானிடம் செல்வோம்.

நமக்கு அண்மையிலேயே மான் உண்டு. இப்பட்டினப்பாக்கத்துக் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சென்றால் கிண்டிக் காடு. அங்கே இருவகை மான்களைக் காணலாம். ஒன்று, முறுக்கிய கொம்புடைய வெளிமான். இதனை நம் நூல்கள் புல்வாய் என்று கூறும். தொல்காப்பியனார் மரபியலில் இதன் ஆணுக்கு இரலை, கலை என்னும் பெயர்களை உரிமையாக்குகிறார். பெண்ணுக்குப் பிணை என்றும், குட்டிக்கு மறி என்றும் பெயர் தருகிறார். மற்றொன்று, உடலெங்கும் வெண்புள்ளி தெளித்த புள்ளிமான். வெளிமான் பெயருக்கேற்ப வெட்டவெளியில் வாழ்வது. கண்ணையும் காலையும் பெரிதும் நம்புவது. தொலைவில் ஓர் அசைவு கண்டால் துள்ளி எழும். பின்னர் அதனைப் பிடிப்பார் யார்? புள்ளிமான் மரநிழலும் புதரும் நாடுவது. புதர் கண்ணை மறைக்குமாதலின், கண்ணோடு காதையும் மூக்கையும் சேர்த்துக் காவல் வைத்திருப்பது. ஐயம் தோன்றியவுடன் தலை நிமிர்ந்து, காது விரித்து, முன்னங்காலால் நிலத்தைத் தட்டும், வாலைத் தூக்கும், கூரிய குரலால் ஒருமுறை கத்தும். அவ்வொரு குரலில் மந்தை முழுதும் விழித்துக்கொள்ளும்.

மானின் மூக்கு எப்பொழுதும் ஈரமாயிருத்தலைக் கண்டிருப்பீர்கள். காற்றில் மிதந்து வரும் நுண்பொருள்கள் அவ்வீரத்திற் படிந்து உள்ளிருக்கும் உணர்கருவிகளுக்கு எட்டுகின்றன. மனிதன் ஓரிடத்தில் நிற்கும்பொழுது சும்மா நிற்பதில்லை. அவன் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்ந்தவண்ணம் இருக்கின்றன, வியர்வையை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் மணம் எழுகிறது, மூச்சும் வெளிப்படுகிறது. இவற்றைக் காற்று ஏந்திச் செல்கிறது. அஃது எங்ஙனம் செல்லும் என்பதை நம்மவர்க்கு எளிதில் விளக்கலாம். மழைக்காலத்தில் அடையாற்றின் செந்நீர் முகத்துவாரத்தின் வழியே கடலிற் புகுகிறது. அது நாற்புறமும் சமமாகப் பரவுகிறதோ? இல்லை. நீரோட்டம் இழுக்கும் பக்கமே ஒரு பட்டையாய் நீண்டு, போகப் போக அகன்று, மெல்லக் கரைகிறது. அப்பட்டைக்குள் அகப்பட்ட நீர் கலங்கும். சற்றே விலகிய நீர் தெளிவாகவே இருக்கும். மனித வாடையும் அவ்வாறே காற்றுப் போகும் பக்கம் ஒரு பட்டையாய் நீளும். அப்பட்டைக்குள் மான் நின்றால் அவனை அறியும். வெளியே நின்றால் வாடையால் அறியாது.

ஆதலின் வேடனுக்குரிய முதல் விதி இதுவே: காற்று மானிடமிருந்து நம் முகத்துக்கு வரவேண்டும், நம் முதுகிலிருந்து மானுக்குப் போகலாகாது. இதனைப் பிழைத்தவன் எத்துணை மெல்ல நடந்தும் பயனில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் வீசுங்காற்று நூறு மீட்டரை 36 விநாடியிற் கடக்கும். அந்நூறு மீட்டரைச் சருகு ஓசைப்படாமல் ஊர்ந்து கடக்க வேடனுக்குக் கால் மணி நேரமாயினும் வேண்டும். அவன் வந்து சேருமுன் அவன் வாடை போய்ச் சேர்ந்து, செய்தி சொல்லி, மானையும் அழைத்துக்கொண்டு போய்விடும்.

காற்றின் திசையை அறியப் பழையோர் கொண்ட உபாயங்கள் எளியன. ஒரு சிட்டிகைப் புழுதியை விரல் நுனியிலிருந்து விடுவர். சிறு துணிமுடிச்சிற் சாம்பலை வைத்துத் தட்டுவர். விரலை ஈரமாக்கி உயர்த்துவர். குளிரும் பக்கமே காற்று வரும் பக்கம். எருக்கங்காய் வெடித்து வரும் பஞ்சு இவையெல்லாவற்றினும் நன்று. அது நம் கடற்கரை மணலிலேயே கிடைப்பது. புழுதி காலடியில் விழுந்துவிடும்; பஞ்சோ நெடுந்தூரம் மிதந்து சென்று, இடையில் காற்று எங்கே வளைகிறது என்பதையுங் காட்டும். காற்று வளையுமோ எனின், வளையும். அடையாற்று முகத்தில் உடைந்த பாலத்தின் தூண்களை நீர் சுற்றிச் சுழிப்பதைக் காணாதார் நம்முள் யார்? அவ்வாறே மரக்கூட்டத்தையும் மதிலையும் மேட்டையும் மோதுங்காற்றுச் சுழிக்கும். வேடன் முகத்திற் காற்றுப்பட நின்றாலும், பின்னாலுள்ள மதிலிற் சுழித்து அவன் வாடை முன்னுக்கு வந்துவிடலாம். சுழிகாற்று வீசும் இடத்தை அறிந்தோர் அன்று வேட்டையைக் கைவிட்டுத் திரும்புவர்.

காற்றின் திசை மட்டுமன்று. அது மாறும் வேளையும் அறிதல் வேண்டும். நம் ஊரில் இரவில் நிலம் விரைவிற் குளிர, கடல் வெம்மையை விடாது வைத்திருக்கும். ஆகவே விடியற்காலையிற் பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும். அக்காற்றை நம்பியன்றோ நம் பாட்டன்மார் பாய் விரித்துக் கட்டுமரத்திற் சென்றனர்! கதிரவன் ஏறியபின் நிலம் சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று எழும். அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று வந்து புகும். கோடை நாளில் இது முற்பகல் பதினொரு மணி தொடங்கி நண்பகலையடுத்து ஏற்படுவது வழக்கம். ஆனி ஆடி மாதங்களில் மேல்காற்று வலுத்திருத்தலின் கடற்காற்றுப் பிந்தும். சில நாள் வாராமலும் போகும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றின் ஆட்சி. ஆகவே, காலையில் கிழக்கிலிருந்து மானை அணுகுவோனுக்குக் காற்று எதிர்முகமாய் நட்புச் செய்யும். அதே வழியிற் பிற்பகலில் அணுகினால் கடற்காற்று அவன் முதுகிலேறிக் காட்டிக்கொடுக்கும். காலையில் நண்பன், மாலையிற் பகைவன்! ஒரே பாதை, ஒரே மான், மாறியது காற்றொன்றே.

மலைநாட்டில் இவ்விதி வேறு வடிவங் கொள்ளும். அங்கே கதிரவன் சரிவைச் சூடேற்றியபின் காற்று மேல்நோக்கி ஏறும். மாலையிற் குளிர்ந்த காற்றுக் கனத்துப் பள்ளம் நோக்கி இறங்கும். எனவே பகலில் மேலிருந்து கீழாகவும், அந்தியிற் கீழிருந்து மேலாகவும் அணுகுவது மலைவேடர் முறை. புலிக்கும் இவ்வறிவு உண்டு. குமாவோன் மலைப்பகுதியின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி 1944-ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் ஜிம் கார்பெட் ஒரு நுட்பம் கூறுகிறார். மனிதனுக்கு மோப்ப ஆற்றல் இல்லை என்பது புலிக்குத் தெரியாது. ஆதலின் மானை அணுகுவது போலவே, காற்று மனிதனிடமிருந்து தன் பக்கம் வரும்படி பார்த்தே அவனையும் அணுகும் என்கிறார். அதனால் காட்டில் தனியே நடப்பவன் காற்றுப் போகும் பக்கத்திலேயே கண்ணை மிகுதியும் வைக்கவேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. மானை வெல்லக் கற்ற விதியே மனிதனைக் காத்த விதியுமாயிற்று.

இனி நம் பழந்தமிழ் வேடரைப் பார்ப்போம். தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு ஒன்று காட்டப்படுகிறது. அங்கே விளாமரத்தடியிற் பார்வை மான் கட்டியிருக்கிறது. பார்வை மானாவது, பழக்கி வளர்த்து, காட்டு மானை அருகே வரச்செய்தற்கு வைக்கும் மான். தன் இனத்தின் உருவையும் வாடையையும் அறிந்து வரும் மானுக்கு மனிதன் மேல் ஐயம் குறையும். அந்நூலிலேயே, நீருண்ண வரும் விலங்கின் வழியருகே குழி தோண்டி, அதனுள் ஒடுங்கி, நள்ளிரவில் பன்றியின் வரவு பார்த்திருக்கும் வேட்டையும் கூறப்படுகிறது. குழி உருவை மறைக்கும். மேலே வீசுங்காற்று உள்ளிருப்போனை நேரே தீண்டாமையின் வாடையையும் ஓரளவு அடக்கும் என்று எண்ண இடமுண்டு. இன்னொரு செய்தியும் நாம் கருதத்தக்கது. எயினர் குடிலைப் பாடிய அக்கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் வாழ்வையும் பாடினார். வேடரும் நம்மவரும் ஒரு புலவர் நாவில் இடம் பெற்றனர். இருவர் கருவிக்கும் வலை என்றே பெயர். இருவர் தொழிலுக்கும் வேட்டை என்றே பெயர்.

பிற்காலத்து வேட்டைக்காரர் வெளிமானை அணுக மாட்டுவண்டியைத் துணைக்கொண்டனர். வண்டியும் மாடும் மான் நாள்தோறும் காண்பன. அவற்றின் மறைவில், நேரே செல்லாது, வட்டமிட்டு வட்டமிட்டு நெருங்குவர். அயல்நாடுகளில் உரிமம் பெற்று மான் வேட்டையாடும் இடங்களில் இக்காலத்தார் செய்வன இன்னும் பல. மணமற்ற சோப்பால் உடையை வெளுக்கின்றனர். வாடையை உறிஞ்சுமென்று கரி கலந்த உடை விற்கின்றனர். எனினும் அனுபவமுள்ளோர் இவற்றைத் துணையாகக் கொள்வரேயன்றித் தலைமையாகக் கொள்வதில்லை. எத்துணைக் கழுவினும் உடல் தன் வாடையை மீண்டும் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். கழுவி ஒழிக்க முடியாததைக் காற்றறிந்து நடத்தலே வழி.

ஈண்டு ஒன்றை ஆழ்ந்து நோக்குமின். மான் எந்த மனித வாடையை வெறுக்கிறது? மீன் வாடையையா? வியர்வையையா? சந்தனம், அத்தர், மல்லிகைத் தைலம் பூசிய செல்வனை அது அருகே வரவிடுமோ? விடாது. பழகாத காட்டு மானுக்கு நறுமணம், தீமணம் என்னும் வேற்றுமை நம்மைப் போன்றதன்று. 'இஃது ஆபத்து' என்பதொன்றே அது கேட்கும் செய்தி. அத்தர் பூசியவன் காற்றுக்கு மாறாக நின்றால் மான் ஓடும். மீன் கூடை சுமந்தவள் காற்றறிந்து நின்றால் மான் மேயும். மானின் மூக்கில் சாதியில்லை.

வேட்டையைப் பற்றிப் பேசியது வேட்டைக்கு அழைப்பதாகாது. நம் பெரியோர் வேட்டையிலும் வரம்பு கண்டனர். திருமயிலைப் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலாவில் நாம் கைகூப்பும் கண்ணப்ப நாயனார் வேடர் குலத்தவர். அவர் வேட்டையைப் பாடுமிடத்து, வேடர் இளங்குட்டிகளைத் தொடராமலும், கருவுற்ற பிணைகளை வருத்தாமலும் விட்டனர் என்று சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். நீலகிரியில் அளவின்றி விலங்குகள் கொல்லப்படுதலைத் தடுக்க 1879-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் செய்யப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நாடெங்கும் குற்றமாக்கியது. கொல்லுதல் மட்டுமன்று, பிடித்தல், கண்ணி வைத்தல், துரத்தி ஓட்டுதல், இரை காட்டி அழைத்தல், இவற்றுக்கு முயலுதல் ஆகியனவும் அச்சட்டத்தில் வேட்டையே. வெளிமான் அதன் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படுவது; அதனைக் கொல்வோர்க்கு மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வெளியூரில் உறவினர் வீட்டு இளைஞர் விளையாட்டாகக் கண்ணி வைக்க அழைத்தால், நம் பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்வாராக.

கிண்டிக் காட்டின் வரலாறும் நமக்கு ஒரு பாடம். 1821-ஆம் ஆண்டு அரசாங்கத்தார் விலைக்கு வாங்கிய கிண்டி மாளிகைத் தோட்டத்தைச் சூழ்ந்த காடு அது. 1910-ஆம் ஆண்டு காப்புக் காடாக்கப்பட்டபோது அதன் பரப்பு ஏறத்தாழ 505 ஹெக்டேர். பின்னர்க் கல்வி நிலையங்களுக்கும் நினைவிடங்களுக்கும் பகுதி பகுதியாக அளிக்கப்பட்டுச் சுருங்கியது. எஞ்சியது 1978-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 270 ஹெக்டேர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று. சுற்றிலும் நகரம். மானுக்கு அஞ்சி ஓட இடமில்லை. அங்கே நாம் செய்யத்தக்க வேட்டை கண்ணால் ஆடும் வேட்டையே. மானை ஓடச்செய்யாமற் கண்டு, அது அறியுமுன் திரும்புவதே அதில் வெற்றி.

அத்தகைய வேட்டைக்கு யாம் ஒருநாள் எம் மாணவர் எண்மரை அழைத்துச் சென்றோம். முன்னர்க் கூறிய சிறுவனையும் வற்புறுத்தி உடன் கூட்டிக்கொண்டோம். மாசி மாதத்து விடியற்காலை. கிண்டிக் காட்டையடுத்து மான்கள் தாமே உலாவும் வளாகம் ஒன்றில் உரிய அனுமதி பெற்று, மேற்குப் பக்கமாக உள்ளே நுழைந்தோம். மாணவர் சிலர் விழாவுக்குப் போவது போலப் பவுடரும் வாசனைத் தைலமும் பூசி வந்திருந்தனர். யாமும் நெற்றியிற் சந்தனம் தீட்டியிருந்தோம். ஓசைப்படாமல் வரிசையாக நடந்தோம். ஆயினும் மரக்கூட்டத்தருகே புள்ளிமான்கள் தலை நிமிர்வதும், கால் தட்டுவதும், போவதுமாயிருந்தன. நகரத்து மான்கள் மனிதர்க்குப் பழகியவையே. எனினும் இளங்கன்று உடன் இருந்ததால் அவை அன்று எச்சரிக்கையாயிருந்தன போலும். மும்முறை முயன்றோம், மும்முறையும் அவற்றின் வெண்மையான வாலடியையே கண்டோம்.

அப்பொழுது பின்வரிசையில் நின்ற அச்சிறுவன் எம்மருகே வந்து, தாழ்ந்த குரலில், "ஐயா, காத்து நம்ம முதுகுல இருக்குது. நாம வர்றது அதுங்களுக்கு அப்பவே தெரிஞ்சிடும்" என்றான். எமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்றிசைக் காற்றின் பெயரை நாற்பது முறை பாடம் நடத்திய எமக்கு, எம் பிடரியில் வீசிய காற்று உறைக்கவில்லை. "உனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்றோம். "எங்க அப்பா கடலுக்குப் போறதுக்கு முன்னாடி கரையில நின்னு கழுத்தாலதான் காத்துப் பார்ப்பாருங்க" என்றான். வேலியோரத்து எருக்கஞ்செடியிலிருந்து பஞ்சு எடுத்து ஊதினான். அது கிழக்கே, மான்கள் நின்ற திசைக்கே, மிதந்து சென்றது. "நீயே வழிகாட்டு" என்றோம்.

அவன் எம்மை வெகுதூரம் தெற்கே விலக்கி, சுற்றி வளைத்து, மான்களுக்குக் கிழக்கே கொண்டு சென்றான். இடையிடையே பஞ்சை விட்டுப் பார்த்தான். கட்டடம் ஒன்றின் மூலையில் அது சுழலக் கண்டு, அவ்வழியை விட்டு வேறு வழி கொண்டான். இறுதியில் ஓர் ஆலமரத்தின் பின்னே எம்மை அமரச்செய்து, வாய்மேல் விரல் வைத்தான். இருபதடிக்கு அப்பால் பிணையொன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதன் மடியில் மறி முட்டி முட்டிப் பாலுண்டது. மேல்காற்று எம் முகத்திற் பட்டது. அதில் ஈரப்புல்லின் மணமும் மானின் மணமும் கலந்து வந்தன. கடற்காற்று எழுமுன் அவனே சைகை செய்து எம்மை எழுப்பி, மான்கள் அறியாதபடி வெளியே அழைத்து வந்தான்.

வாயிலைக் கடந்ததும், அவனுக்கு இழிபெயரிட்ட மாணவருள் ஒருவன், "நீ மீன் வாடையோட இருந்தும் மான் ஏண்டா ஓடலை?" என்றான். ஏளனமாகவன்று, வியப்பாகவே கேட்டான். சிறுவன் சற்று யோசித்து, "எல்லார்கிட்டயும் வாடை இருக்குது. என்னோடது எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்குத் தெரியும்" என்றான். சபையோரே, யாம் இருபதாண்டு கற்பித்ததிற் சொல்லாத ஒன்றை அச்சிறுவன் ஒரு வாக்கியத்திற் சொல்லிவிட்டான். மறுநாள் முதல் அவன் தவறாது பள்ளிக்கு வருகிறான். அவனிடம் காற்றுப் பார்க்கக் கற்றுக்கொள்ள இருவர் மாலைதோறும் நம் கடற்கரைக்கு வருகின்றனர். அவர்களுள் ஒருவன் அன்று அக்கேள்வி கேட்டவனே.

மனிதன் தன் வாடையைத் தான் அறியமாட்டான். பழகிப்போன மூக்கு அதனைச் சொல்லாது. பிறர் வாடையையே அறிந்து முகஞ்சுளிப்பான். நம் முன்னோர் இதனை நன்குணர்ந்தனர். நற்றிணையில் நெய்தல் நிலத்துத் தோழி ஒருத்தி, தேரேறி வந்த செல்வனை நோக்கி, யாங்கள் புலால் நாறுவோம், விலகி நில் என்கிறாள். அது தாழ்ந்த மொழியன்று. எங்கள் சிறுகுடி உம்மோடு ஒப்பதன்றாயினும் எம்மிடத்தும் உம்போலும் செம்மல் உடையோர் உண்டு என்று நிமிர்ந்து பேசும் மொழி. பாரதத்திலோ, யமுனைக் கரைக் காட்டில் உலாவிய சந்தனு மன்னன் காற்றில் வந்த மணத்தைப் பின்பற்றிச் சென்று, அம்மணத்துக்குரியவளாகக் கண்டது யாரை? பரதவர் தலைவன் வீட்டில் வளர்ந்து, முன்பு மீன் மணத்தாற் பெயர்பெற்ற சத்தியவதியை. பரதகுலத்தின் பாட்டியாக அவள் விளங்கினாள். பரதவர் மகள் என்று அவளை இகழ்வார் யார்?

தாய்மார்களே, உங்களிடம் எமக்கொரு விண்ணப்பம். பிள்ளையைச் சோப்பிட்டுக் குளிப்பாட்டுங்கள், தூய்மை நன்றே. ஆயின் வெட்கத்தைத் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டா. கொண்டல், தென்றல், கோடை, வாடை என்னும் நான்கையும் அவன் கழுத்தாலும் கன்னத்தாலும் அறியச் செய்யுங்கள். பெரியோர்களே, கடலுக்குப் போகுமுன் கரையில் நின்று நீங்கள் பார்ப்பதைப் பேரன்மார்க்கும் பேத்திமார்க்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்று வானிலைச் செய்தி கைப்பேசியில் வருகிறது. அது நல்லதே, உயிர் காப்பது. எனினும் ஊர் முழுமைக்கும் பொதுவான செய்தியை அது சொல்லும். ஒரு மதிலோரத்திற் காற்று எப்படிச் சுழிக்கிறது என்பதைத் தோலொன்றே சொல்லும். மாணவச் செல்வங்களே, கிண்டிக்குச் சென்றால் உணவுப் பொட்டலங்களை எறியாதீர்கள். அதில் ஒட்டிய உணவின் வாடை மானை அழைக்கும். மான் பையோடு விழுங்கும். அப்பகுதியில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் பைகள் கண்டெடுக்கப்பட்டமை பலமுறை செய்தியாக வந்துள்ளது. அக்காலத்து வேடன் பார்வை மானை வைத்துப் பசிக்காகக் கொன்றான். இக்காலத்தான் வாடையை வைத்துப் பசியுமின்றிக் கொல்கிறான்.

நேரம் மிகுந்துவிட்டது. இம்மன்றத்துச் சன்னல் வழியே இப்பொழுது கடற்காற்று வீசுகிறது. வெளியே உலரும் கருவாட்டின் வாடையும், அகத்தே தாய்மார் சூடிய மல்லிகையின் வாடையும் அதில் ஒன்றாய்க் கலந்து மேற்கே, கிண்டியை நோக்கிப் போகின்றன. காற்று இரண்டையும் ஒரே தோளிற் சுமக்கிறது. நாமும் அங்ஙனமே கற்போமாக.